ஒளித்து வைத்த கூரை

கட்டடம் வரைகிற அந்த அலுவலகத்தில் அவளுக்குச் சுவரக்கா என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிடுகிறார்களாக்கும் என்று அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு வரைய ஒருவர், படிக்கட்டு வரைய ஒருவர், கழிவுக் குழாயோடு மல்லுக்கட்ட ஒருவர் என்று ஆளுக்கொரு பங்கு. சுவர் மட்டும் அவளுக்கு.

எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்துவிடுவாள். "நல்லா இருக்கீங்களா" என்பதெல்லாம் அப்புறம்தான். அவள் கல்யாணமே சுவரால் நடந்தது என்பார்கள். அம்மாவுக்குப் பல்செட் கட்டப் போன இடத்தில், பல் கட்டுகிறவரின் கடைச் சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றதாம். சுவரை இப்படி வைத்திருக்கிற மனுஷன் பெண்டாட்டியையும் ஒழுங்காக வைத்திருப்பான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். கடை வாடகைக்கு எடுத்தது, சுவர் யாரோ கட்டியது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் கணிப்பு பொய்க்கவில்லை.

கணினியில் சுவர் எழுப்புவது என்றால் கோடு இழுப்பது என்று நினைக்கிறவர்கள் உண்டு. கோட்டை யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். சுவரக்காவின் சுவருக்குத் தோலும் சதையும் உண்டு. உள்பூச்சு, கல், வெளிப்பூச்சு என்று ஒவ்வொன்றையும் அதனதன் கனத்தில் வைப்பாள். இரண்டு சுவர்கள் மூலையில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நின்றால் அந்த மூலைக்கல்லை மென்பொருள் இரண்டு தடவை எண்ணிவிடும். தூணுக்குள் சுவர் ஓடினால் தூணும் கல்லாகக் கணக்கில் ஏறும். படத்தில் இதெல்லாம் தெரியவே தெரியாது. படம் ராஜகுமாரி மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும். கட்டுகிற இடத்தில் கல் மலையாகக் குவியும்போதுதான் வண்டவாளம் தெரியும். அதனால் ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்து, பேன் பார்ப்பது போலப் பார்த்துத்தான் விடுவாள். அவள் கொடுத்த கணக்குக்குக் கல் இறக்கினால் கடைசிக் கல் கடைசிக் குழியில் போய் உட்காரும் என்று அலுவலகத்துச் சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

இப்படிப்பட்டவளுக்கு ஓர் அண்ணன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. தூக்கத்தில் குறட்டைக்குப் பதில் விசில் வரும் என்று அண்ணி சொல்லுவாள். மனசு மாறுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைகளை ஓடவிட்டு, பாதி ஓட்டத்தில் முடிவுக்கோட்டை வேறு பக்கம் மாற்றிய மனிதர்.

அவர் குடியிருந்த வாடகை வீட்டைச் சொந்தக்காரர் தம் மகளுக்குக் கேட்டுவிட்டார். மழைக்கு முன்னால் காலி செய்தாக வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் அண்ணன் வாங்கிப் போட்ட மனை ஒன்று இருந்தது. அங்கே சின்னதாக ஒரு வீடு எழுப்பிக் குடிபோய்விடலாம் என்று முடிவாயிற்று. கல்லும் சிமென்டும் சரக்குப் படகில்தான் போக வேண்டும். மழை பிடித்து ஆறு பெருகிவிட்டால் சரக்குப் படகைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். ஆள் ஏறுகிற சின்னப் படகு மட்டும் தத்தளித்துக்கொண்டு ஓடும். அதற்குள் கூரை போட்டு முடியவில்லை என்றால்?

"உங்க வீடு இருக்கே" என்றாள் அண்ணி, வெகு சுலபமாக.

சுவரக்காவின் வீடு என்பது துண்டுக் கூடமும் சமையலறையும் போக இரண்டு அறை. ஒன்றில் கணவனும் மனைவியும். மற்றதில், வாடகைக் கடையை விட்ட பிறகு, கணவரின் வேலை: தட்டு தட்டாகப் பல் அச்சு மாவில் வார்த்த தாடைகள், மெழுகு, சின்ன அரங்கள், காயவைத்த பல்வரிசைகள். புதிதாக வருகிறவர்களைப் பார்த்து அறை முழுக்கச் சிரிக்கும். அந்த அறையில்தான் அண்ணனும் அண்ணியும் இரட்டைப் பையன்களும் அண்ணியின் தையல் இயந்திரமும் வந்து இறங்க வேண்டும். பையன்கள் இருவரும் சேர்ந்து ஒரு முறை பள்ளிக்கூடத்துக் கோல் கம்பத்தையே சாய்த்தவர்கள்.

"ஏம்மா, சீக்கிரம் வரைஞ்சு குடுத்துடு" என்றார் கணவர், கையிலிருந்த கீழ்த்தாடையைத் தடவிக்கொண்டே. அவர் வாழ்க்கையில் அவளிடம் கெஞ்சியது அது ஒன்றுதான்.

அவளும் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் அலுவலகக் கணினியில் அண்ணனின் வீட்டை எழுப்பினாள். சார் கண்டும் காணாதது போல் போய்விட்டார். வீட்டின் எலும்பு இரும்புத் தூண்கள், மேலே தகரக் கூரை, நடுவில் சிமென்ட் கல் சுவர்கள். சுவர்களிடம், கூரை எங்கே தொடுகிறதோ அங்கே வெட்டிக்கொண்டு நில்லுங்கள் என்று ஒரு கட்டளை போட்டாள். சரிவான கூரைக்குக் கீழே சுவர்கள் சமர்த்தாக வெட்டிக்கொண்டு நின்றன.

அண்ணன் வந்து திரையைப் பார்த்தார். "ஏன் பாப்பா, கூரை தலையில இடிக்குது?"

"உன் தோள் மேல அண்ணியை உக்கார வெச்சாலும் இடிக்காது அண்ணே."

"அவ எதுக்கு அங்க? கீழே இருக்கும்போதே தாங்கல. காத்து வரணும்ல? ஒரு முழம் தூக்கு."

"போன வாரம் நீதானே தாழ்த்தச் சொன்ன?"

"போன வாரம் எனக்குக் காத்து வேண்டாம்னு இருந்துச்சு."

இப்படித்தான் அவர் சொன்னார் என்று சமையலறை ஜன்னலை ஒருநாள் அழித்திருந்தாள். மறுநாளே அதே ஜன்னல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். திரும்ப வரைந்து வரைந்து கை ஓய்ந்துபோன அனுபவத்தில், பழைய கூரையை அழிக்காமல் லேயர் என்கிற தனி அடுக்கு ஒன்றில் போட்டு மறைத்து வைத்தாள். நாளைக்குக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம் அல்லவா? புதுக் கூரையை ஒரு முழம் தூக்கி வரைந்தாள். தூண்களையும் உயர்த்தி, சுவர்களின் உயரத்தையும் கூட்டினாள். புதுக் கூரையைத் தொட்டு நில்லுங்கள் என்றும் சொன்னாள்.

பழைய கட்டளையை எடுக்க மறந்துபோனாள். நம் கண்ணுக்கு மறைத்த பொருள் மென்பொருளுக்கு மறைவதில்லை. பழைய கூரை இருட்டில் உட்கார்ந்துகொண்டு, வளர வந்த சுவரையெல்லாம் வளர வளரக் கொய்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நீட்டிய தகரத்தின் இறக்கை குறையை மூடியிருந்தது. வேற்று மனிதர் கட்டடமாக இருந்தால் நான்கு இடத்தில் குறுக்கே வெட்டிப் பார்த்திருப்பாள். இது அண்ணன் வீடு, சாப்பாட்டு நேரம், கையில் சோற்றுக் கரண்டி. மூலைகளை மட்டும் பேன் பார்த்துவிட்டு, கல் கணக்கை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அலுவலகத்தில் படம் செய்கிற இளைஞன் ஒருவன் இருந்தான். படக்காரன் என்றால் அவன்தான். கணினியில் எழுப்பிய வீட்டு மாடலை வாங்கி வெயிலும் மரமும் போட்டு, இல்லாத பூனையை இல்லாத ஜன்னலில் உட்காரவைத்துக் காட்டுகிறவன். சுவரக்காவின் அண்ணனுக்குப் பரிசாகக் கூடத்தின் படம் ஒன்றைச் செய்து அனுப்பியிருந்தான். அது போய்ச் சேர்ந்து வெகு நாள் கழித்து, கைகழுவும் இடத்தில் நின்றபடி, "அக்கா, உங்க அண்ணன் வீட்டுல அந்த வெளிச்சம் சூப்பர்க்கா. எப்படி யோசிச்சீங்க?" என்றான்.

"எந்த வெளிச்சம்?"

"சுவருக்கு மேல சுத்தி வருதே. தரையில கோடு கோடா விழுதே."

கையைத் துடைக்காமலேயே போய்ப் படத்தைப் பார்த்தாள். கூடத்தின் தரையில், சுவரோரமாக, ரிப்பன் கட்டினாற்போல் வெயில் விழுந்திருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம் திறந்து கிடந்தது. அந்த வழியாகப் படக்காரனின் பொய்ச் சூரியன் உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மாடலைத் திறந்தாள். மறைத்த லேயரைக் காட்டச் சொன்னாள். பழைய கூரை பல்லை இளித்துக்கொண்டு வந்தது. அதைத் தூக்கி எறிந்ததும் எல்லாச் சுவரும் ஒரே துள்ளலில் ஒரு முழம் வளர்ந்து புதுக் கூரையைத் தொட்டன. கல் கணக்கும் கூடவே ஏறியது. ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாக விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

படகுத்துறைக்குப் போன் செய்தாள். சரக்குப் படகு நேற்றே கரையேறிவிட்டது, இனி வெள்ளம் வடிந்த பிறகுதான் என்றார்கள். "கொஞ்சம் கல்லு மட்டும்ங்க" என்றாள். "கொஞ்சம் ஆறு வத்தட்டும்மா" என்றது மறுமுனை.

அண்ணனுக்குப் போன் செய்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அங்கே விசில் ஊதியது.

"பாப்பா! நல்ல நேரத்துல கூப்பிட்ட. கல்லைத் திருடிட்டான் பாப்பா!"

"யாரு?"

"கொத்தனார்தான். எல்லாச் சுவரும் அப்படியே நிக்குது, ஒரு முழம் கல்லைக் காணோம். உன் கணக்குல ஒரு கல்லு கூடாது, ஒரு கல்லு குறையாது. அப்ப எங்க போச்சு?"

"அண்ணே, நான் சொல்றதைக் கேளு..."

"நீ பதறாத. நான் பாத்துக்கறேன்." போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வெறும் கையோடு போக மனம் வரவில்லை. கல் கடையில் ஆளுக்கொரு கல்லை வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சின்னப் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். கல் இருந்த பக்கமாகப் படகு லேசாகச் சாய்ந்தது.

"என்னம்மா மடியில?" என்றார் படகுக்காரர்.

"கல்லுங்க."

"கைக்குழந்தைன்னா சும்மா விட்டுருவேன். இது யாரு ஜாடை?"

படகு முழுக்கச் சிரித்தது. "அப்பா ஜாடைதான்" என்றார் பல்கட்டுகிறவர், துண்டை இழுத்து மூடிக்கொண்டே. அவருக்கு அது வேடிக்கையாக இல்லை. கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தம் தாடைகளை எங்கே மாற்றிவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை கல்லு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார் படகுக்காரர். அவள் சொன்னாள். அவர் துடுப்பை ஒரு கணம் நிறுத்திவிட்டார். "தாயே, நான் கிழவனாயிடுவேன். இன்னைக்குப் போகட்டும். இனிமே கல்லோட வந்தா ஏத்த மாட்டேன். ஆறு இருக்கற இருப்புக்கு மனுசங்களே பாரம்."

அக்கரையில் வீடு நின்றது. மூலைகள் எல்லாம் அவள் வரைந்தது போலவே கச்சிதமாக இருந்தன. அதைப் பார்க்க அவளுக்கு அழுகையாக வந்தது. இரும்புத் தூண்கள் ஒரு முழம் கூடுதலாக நீட்டிக்கொண்டு, தலைக்கு மேல் வெறும் சட்டத்தைத் தாங்கி நின்றன. வாசலில் கொத்தனார் கரண்டியையும் ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, யாரும் திருடல. தப்பு என்னுது."

"நீ சும்மா இரு பாப்பா."

"உங்க தங்கச்சியே சொல்லுதே சார்" என்றார் கொத்தனார்.

"அது சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்யா. நான் உடைச்ச கண்ணாடிக்கு அது அடி வாங்கிச்சு. யாரையும் விட்டுக்குடுக்காது."

"அண்ணே, நிஜமா கேளு. மறைச்சு வெச்ச கூரை ஒண்ணு இருந்துச்சு. அது சுவரை வெட்டிடுச்சு."

அண்ணன் நிமிர்ந்து மேலே பார்த்தார். பையன்கள் இருவரும் பார்த்தார்கள். மேகம்தான் இருந்தது.

"எங்க?"

"இங்க இல்ல, கம்ப்யூட்டர்ல."

"கம்ப்யூட்டர்ல இருக்கற கூரை இங்க இருக்கற கல்லை எப்படி வெட்டும்?"

"ஒரு கூரைக்கே வழியக் காணோம், இவங்க ரெண்டாவது கூரையப் பத்திப் பேசறாங்க" என்றாள் அண்ணி.

சுவரக்கா ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் வரைந்து காட்டினாள். தாழ்ந்த கூரை, உயர்ந்த கூரை, நடுவில் வெட்டுப்பட்ட சுவர். தூறல் கோட்டைக் கரைத்தது. மறுபடி வரைந்தாள். கொத்தனாருக்கு விளங்கிவிட்டது, தலையை ஆட்டினார். அண்ணி கூட "ஓஹோ" என்றாள். அண்ணனுக்கு மட்டும் ஏறவில்லை. தங்கையின் கணக்கு தப்பாகும் என்பதை நம்புவதைவிட, ஊரே சேர்ந்து திருடியது என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில், வாடகை வீட்டுத் தெருவில், படகில் என்று எல்லோரிடமும் அவள் கணக்கைப் பற்றி அவ்வளவு பெருமை அடித்து வைத்திருந்தார்.

"சரி, திருட்டை விடுங்க. இப்ப என்ன வழி?" என்றாள் அண்ணி. கொத்தனார் பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"தார்ப்பாய் கட்டினா?"

"ஆத்துக் காத்து உள்ள புகுந்து தகரத்தைத் தூக்கிட்டுப் போயிடும்மா. சுவர் தலையில பெல்ட் கான்கிரீட் போட்டு, அதுலதான் கூரையை முடுக்கணும். சுவர் எட்டலைன்னா பெல்ட் இல்ல."

"கூரையைத் தாழ்த்தினா?"

"சட்டமெல்லாம் பத்தவெச்சாச்சு. அறுத்து ஒட்டறதுக்கு மெஷினு ஆத்தைத் தாண்டி இங்க வரணும். சரக்குப் படகு வேணும்."

"உள்சுவர் ஒண்ணை இடிச்சு எடுத்தா?" என்று சுவரக்கா கேட்டாள். கேட்கும்போதே விடை தெரியும் அவளுக்கு.

"சிமென்ட் வெச்சுக் கட்டினது. இடிச்சா கல்லு வராது, சல்லிதான் வரும்."

அண்ணன் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். "எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கான் பாரு. கல்லை எடுத்தவனுக்குத்தானே இவ்வளவு விவரம் தெரியும்!"

கொத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார். சுவரக்கா பின்னாலேயே ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு மற்றதோடு ஓடினாள். படகுத்துறைச் சரிவில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது. நான் யார்கிட்ட வேணாலும் வந்து சொல்றேன்."

"நீங்க சொல்லிட்டீங்கம்மா. போதும்" என்றார் அவர். "அவரு சொல்லணும்."

அண்ணனைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கிற கட்டளை எந்த மென்பொருளிலும் இல்லை. கொத்தனார் படகில் ஏறி, யாருக்கும் முகம் காட்டாமல் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மடியில் வைத்துக் கொண்டுவந்த இரண்டு கல்லும் வீட்டு வாசலில் துண்டோடு கிடந்தன. பையன்கள் அவற்றைக் கோல் கம்பமாக வைத்துப் பந்து உதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அடுத்த வாரம் மழை கொட்டியது. வானத்தில் யாரோ அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நிமிர்த்த மறந்துவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து அண்ணன் குடும்பம் வந்து இறங்கியது. தாடைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியிலும் பரண் மேலும் சமையலறையில் பருப்பு டப்பாக்களுக்கு நடுவிலும் இடம் பிடித்தன. பையன்களில் ஒருவன் மேல்வரிசையையும் மற்றவன் கீழ்வரிசையையும் எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் கடித்துத் துரத்தினார்கள். பல்கட்டுகிறவர் கூடத்து மூலையில், ஸ்டூலின் மேல், மடியில் அரத்தோடு குறுகி உட்கார்ந்து வேலை செய்தார். "பரவால்லம்மா" என்றார். அவள் மேசை விளக்கை அவர் பக்கம் நகர்த்திவைத்தாள்.

தையல் இயந்திரம் வாசலில் நின்றது. நிலைக்குள் நுழையுமா என்று பார்க்கச் சுவரக்கா டேப்பை எடுத்தாள்.

"நீங்க அளக்க வேணாம் தாயே" என்றாள் அண்ணி. "நான் சாண் போட்டுப் பாத்துக்கறேன்."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு, திரைச்சீலையை ஒதுக்கிப் பிடித்தபடி நின்றாள். வேறொன்றும் செய்வதற்கு இருக்கவில்லை. இயந்திரம் சாணுக்குள் அடங்கி உள்ளே போயிற்று.

அலுவலகத்தில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒருவர்கூடக் கோபிக்கவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சார், "நம்ம கட்டடத்துல நடக்கலையே" என்று டீயைக் குடித்தார். படக்காரன் மட்டும், "ஆனா வெளிச்சம் நல்லா இருந்துச்சுக்கா" என்றான். கொத்தனாரை வேறு வேலைக்குச் சிபாரிசு செய்யப் பார்த்தாள். "அவரா? ஏதோ கல்லு விஷயம்னு கேள்விப்பட்டேனே" என்றார் இரண்டாவது ஆள். மூன்றாவது ஆளிடம் அவள் கேட்பதற்கு முன்பே அவர் அதையே சொல்லிவிட்டார். அண்ணனின் விசில் சத்தம் அவ்வளவு தூரம் போயிருந்தது.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து நனைந்துகொண்டு வந்தாள். கூடத்தில் பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெரியவர் ஒருவர், வாயில் மாவுத் தட்டோடு, வாயை மூட முடியாமல் உட்கார்ந்திருந்தார். மாவு இறுகும்வரை அவர் எங்கேயும் ஓட முடியாது. எதிரில் அண்ணன்.

"இரும்புத் தூணைக்கூட விட்டுட்டான் சார், கல்லா பாத்து எடுத்திருக்கான். எப்படிப்பட்ட திறமை பாருங்க. ராத்திரி ராத்திரியா ஆத்துல நீந்திக் கொண்டு போயிருப்பான்னுதான் நெனைக்கிறேன்."

பெரியவர் கண்ணை விரித்தார்.

சுவரக்கா குடையை மடக்காமலே நின்றாள். தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

"யாரும் திருடலீங்க" என்றாள் பெரியவரிடம். "நான்தான் சுவரைத் தப்பா போட்டுட்டேன். கணக்கு என்னுது. ஒரு முழம் குறைச்சு எண்ணிட்டேன். கொத்தனார் ஒரு கல்லைக்கூட எடுக்கலை."

அண்ணன் அவளை வாஞ்சையோடு பார்த்தார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா சார்? இதுதான் எங்க பாப்பா. இப்ப வரைக்கும் அந்தத் திருடனைக் காட்டிக்குடுக்க மனசு வரல."

வாய் நிறைய மாவோடு இருந்த பெரியவர், கண் கலங்க, அவளைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.